ஒளிரும் பாலிமர்: பிரகாசத்தைச் சொல்கிறார்கள், ஆயுளைக் கேளுங்கள்

புதிய ஒளிர் பாலிமர் ஒன்றைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் நண்பர்கள் எனக்கு அனுப்பிவைப்பார்கள். என்ன நிறம், எவ்வளவு பிரகாசம், எத்தனை சதவீதத் திறன் எல்லாம் அதில் இருக்கும். எவ்வளவு நேரம் எரிந்தது என்பது பெரும்பாலும் இருக்காது. இந்தச் சாதனங்களை ஆய்வகத்தில் செய்து அளப்பதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஒளி வரவைப்பதைவிட, வந்த ஒளியைத் தக்கவைப்பது பல மடங்கு கடினம். ஓஎல்இடி திரை, அதாவது கார்பன் சேர்மங்களே மின்சாரத்தில் ஒளிரும் திரை உள்ள போனோ டிவியோ வைத்திருப்பவர்களுக்கும், இந்தத் துறையில் ஆராய்ச்சிக்கு வரும் மாணவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

வாளி, குழாய், மின்கம்பியின் மேலுறை எல்லாம் பாலிமர்தான். அவற்றில் மின்சாரம் பாயாது. கார்பன் சங்கிலியின் எலக்ட்ரான்கள் ஒற்றைப் பிணைப்புகளில் கட்டுண்டு கிடப்பதே காரணம். அதே சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வந்தால் நிலைமை வேறு. இரட்டைப் பிணைப்பின் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நிற்காமல் பல அலகுகளுக்குப் பரவிவிடும். இவற்றைத்தான் கான்ஜுகேட்டட் பாலிமர் என்கிறோம். இவை குறைக்கடத்திகள். 1977-ல் ஷிராகாவா, மக்டியார்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலீன் படலத்தில் அயோடினை ஏற்றி, அதன் மின்கடத்தலைப் பல கோடி மடங்கு கூட்டிக் காட்டினார்கள். 2000-ல் வேதியியல் நோபல் பரிசு இதற்காகத்தான் கிடைத்தது.

ஒளி அப்புறம்தான் வந்தது. 1989-ல் கேம்பிரிட்ஜின் கேவென்டிஷ் ஆய்வகத்தில், ரிச்சர்ட் ஃபிரெண்டின் குழுவில் இருந்த ஜெரமி பரோஸ், பிபிவி என்ற பாலிமரின் மெல்லிய படலத்தில் மின்சாரம் செலுத்தியபோது மஞ்சள் கலந்த பச்சை ஒளி வந்தது. 1990-ல் கட்டுரை வெளியானது. அந்தச் சாதனத்தின் திறன் 0.05 சதவீதம். அதாவது இரண்டாயிரம் எலக்ட்ரான் போனால் ஒரே ஒரு ஒளித்துகள். ஆனாலும் பிளாஸ்டிக்கைக் கரைத்துப் பூசி விளக்கு செய்யலாம் என்று அது காட்டிவிட்டது. அடுத்த ஆண்டே கலிபோர்னியாவில் பிரவுனும் ஹீகரும், பிபிவியோடு பக்கச் சங்கிலிகளை இணைத்து நேரடியாகக் கரையும்படி செய்த பாலிமரில் ஆரஞ்சு நிற ஒளியைக் கொண்டுவந்தார்கள்.

ஒளி வரும் வழி எளிதுதான். ஒரு மின்வாயிலிருந்து எலக்ட்ரான், மறுபக்கத்திலிருந்து துளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடம். இரண்டும் ஒரு சங்கிலியில் சந்தித்தால் எக்சைட்டான் என்ற கிளர்ந்த நிலை உண்டாகும். அது தணியும்போது ஒளியாக வெளிப்படும். எல்லா எக்சைட்டானும் ஒளி தராது. சாதாரணப் பாலிமரில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான் ஒளி தரும் வகை. மற்றவை வெப்பமாகப் போய்விடும்.

சாதனம் செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆயுள் போவது அங்கேதான். இண்டியம் டின் ஆக்சைடு பூசிய கண்ணாடிதான் அடித்தளம். அதைக் கழுவி, ஓசோனிலோ பிளாஸ்மாவிலோ வைத்துச் சுத்தம் செய்கிறோம். அதன் மேல் பெடாட்-பிஎஸ்எஸ் என்ற கடத்தும் பாலிமர். இது தண்ணீரில் வருவது, அதனால் சூடான தட்டில் வைத்து ஈரத்தை ஓட்ட வேண்டும். அப்படியும் காற்றில் வைத்தால் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். போதாததற்கு இது அமிலத்தன்மை உடையது. கீழே உள்ள ஆக்சைடை மெல்ல அரித்து இண்டியத்தை மேலே கசியவிடும். அடுத்து, டொலுயீனிலோ சைலீனிலோ கரைத்த ஒளிர் பாலிமரைச் சொட்டி, தட்டைச் சுழற்றிப் படலமாக்குகிறோம். தடிமன் சுமார் 80 நானோமீட்டர், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடைசியாக வெற்றிடத்தில் கால்சியம் அல்லது பேரியம், அதன் மேல் அலுமினியம்.

எலக்ட்ரானை எளிதாகத் தரும் உலோகம் ஈரத்திடமும் ஆக்சிஜனிடமும் அதே எளிதில் தோற்றுப்போகும். கால்சியம் படலத்தை வெளியே காற்றில் எடுத்துவைத்தால் அதன் வெள்ளிப் பளபளப்பு போய், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒளி ஊடுருவத் தொடங்கும். சாதனத்துக்குள் ஈரம் புகாமல் காக்கும் மூடல் எவ்வளவு நல்லது என்று அளக்க இதையே சோதனையாகப் பயன்படுத்துகிறோம். அதனால்தான் வேலை முழுவதும் நைட்ரஜன் நிரம்பிய கிளவ் பாக்ஸுக்குள், அதாவது கையுறை பொருத்திய மூடிய பெட்டிக்குள் நடக்கிறது. உள்ளே நீரும் ஆக்சிஜனும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். வெளியே வரும் சாதனத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் இலக்கு, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நாளில் ஒரு மைக்ரோகிராம் நீராவிக்கு மேல் உள்ளே போகக் கூடாது என்பது. சாதாரணப் பிளாஸ்டிக் தாள் இதைப் போலப் பத்து லட்சம் மடங்கு அளவுக்கு விட்டுவிடும். மடிக்கக்கூடிய திரை ஏன் அவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கு, பதிலில் ஒரு பங்கு இது.

மூடல் தவறினால் கறுப்புப் புள்ளிகள் வரும். உலோகப் படலத்தில் தூசியால் விழுந்த கண்ணுக்குத் தெரியாத துளை போதும். அதன் வழியே ஈரம் போய், உலோகமும் பாலிமரும் தொடும் இடத்தைக் கெடுக்கும். புள்ளி வட்டமாக வளரும். சாதனம் எரிந்தாலும் வளரும், அணைத்து அலமாரியில் வைத்தாலும் வளரும். கீழே விழுந்த ஓஎல்இடி போனில் கறுப்பு அல்லது ஊதாத் திட்டு தோன்றி நாளுக்கு நாள் பரவினால், மேல் கண்ணாடி மட்டும் போகவில்லை, உள்ளே இருக்கும் மூடலும் உடைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தானாகச் சரியாகாது, அரிசியில் போட்டாலும் ஆகாது. திரையைத் தொட்டு இயக்க முடிகிற வரைக்கும்தான் அவகாசம். அன்றைக்கே தகவல்களை வேறிடத்தில் சேமித்துவிடுங்கள்.

இன்னொரு வகைத் தேய்மானம் மின்சாரம் ஓடும்போது மட்டும் நடப்பது. பிரகாசத்தைப் பத்து மடங்கு கூட்டினால் ஆயுள் பத்தில் ஒரு பங்காகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படி நேர்விகிதத்தில் நடப்பதில்லை. பொதுவாக முப்பதில் ஒன்றிலிருந்து நூறில் ஒன்று வரை விழுந்துவிடும். 100 நிட்டில் (நிட் என்பது பிரகாசத்தின் அலகு) 10,000 மணி நேரம் ஓடும் சாதனம் 1000 நிட்டில் 100 முதல் 300 மணி நேரம்தான் ஓடும் என்று வரும். எனவே ஆரம்பப் பிரகாசத்தைச் சொல்லாத ஆயுள் எண்ணுக்கு மதிப்பே இல்லை. ஒளி பாதியாகும் வரையிலான நேரமா, ஐந்து சதவீதம் குறையும் வரையிலான நேரமா என்றும் பார்க்க வேண்டும். திரைக்கு இரண்டாவதுதான் முக்கியம். பக்கத்துப் பக்கத்துத் திரைப் புள்ளிகளில் (பிக்சல்களில்) சில சதவீத வித்தியாசம் வந்தாலே கண் பிடித்துவிடும். செய்திச் சேனலின் சின்னம் நிழலாகத் தங்கிவிடுவது அப்படித்தான்.

நீலம் எப்போதும் முதலில் போகும். அதன் எக்சைட்டானில் உள்ள ஆற்றல் சில வேதிப் பிணைப்புகளை அறுக்கும் அளவுக்கு நெருங்கிவிடுகிறது. நீல ஒளிக்குப் பெயர்பெற்ற பாலிஃபுளோரீனில் ஒரு குறிப்பிட்ட கார்பன் ஆக்சிஜனேற்றம் அடைந்தால், நீலம் மங்குவதோடு நிற்காமல் பச்சையாகவும் திரும்பும். ஆய்வகத்தில் காலையில் நீலமாக எரிந்தது மாலையில் கடல்பச்சையாக நிற்பதைப் பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இன்று உங்கள் கையில் இருக்கும் ஓஎல்இடி திரைகள் பெரும்பாலும் பாலிமரால் ஆனவை அல்ல. 1987-ல் கோடாக்கில் டாங்கும் வான் ஸ்லைக்கும் காட்டிய வழியில், சிறு மூலக்கூறுகளை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்தவை. ஈரமும் நீலமும் தரும் தொல்லை இரண்டுக்கும் பொது. 2002-ல் பிலிப்ஸ் ஒரு மின்சவர இயந்திரத்தில் பாலிமர் திரையை வைத்தது. பாலிமர் ஓஎல்இடி நிறுவனமான கேம்பிரிட்ஜ் டிஸ்ப்ளே டெக்னாலஜியை 2007-ல் சுமிட்டோமோ கெமிக்கல் வாங்கியது. அச்சிட்டுச் செய்யும் ஓஎல்இடி திரையை நம்பி இறங்கிய ஜப்பானின் ஜேஓஎல்இடி 2023-ல் திவால் பாதுகாப்பு கேட்டது.

பாலிமர் பின்தங்கியதற்கு என் பார்வையில் தூய்மைதான் முதல் காரணம். சிறு மூலக்கூறைப் பதங்கமாக்கித் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்யலாம். பாலிமர் ஆவியாகாது, சூடேற்றினால் சிதைந்துவிடும். வினையூக்கியாகச் சேர்த்த பல்லேடியத்தில் மிச்சம் உள்ளேயே தங்கும். சங்கிலியின் நீளம் ஒவ்வொரு தயாரிப்பிலும் கொஞ்சம் மாறும். போன மாதம் நன்றாக எரிந்த பாலிமரை அதே பெயரில் மறுபடி வாங்கினால் வேறு மாதிரி எரியும். அடுத்தது அடுக்குகள். இரண்டாவது அடுக்கைப் பூசும்போது அதன் கரைப்பான் முதல் அடுக்கைக் கரைத்துவிடும். முதல் அடுக்கின் சங்கிலிகளை ஒன்றோடொன்று குறுக்குப் பிணைப்பால் இறுக்கியோ, ஒன்றையொன்று கரைக்காத கரைப்பான்களைத் தேடியோதான் தப்பிக்க வேண்டும்.

மாணவர்களே, தயாரிப்பு எண், மூலக்கூறு எடை, உலோக மிச்சம் மூன்றையும் சாதனத்தோடு சேர்த்து எழுதிவையுங்கள். பத்து சாதனத்தில் நன்றாக வந்த ஒன்றை மட்டும் வெளியிடாதீர்கள். குளோரோபென்சீன் என்ற கரைப்பானைக் கையாளும்போது மெல்லிய நைட்ரைல் கையுறை இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். அது விரைவில் ஊடுருவிவிடும். சிந்தினால் உடனே கழற்றி மாற்றுங்கள். சைலீன் போதும் என்றால் குளோரின் உள்ள கரைப்பானை எடுக்கவே வேண்டாம்.

மற்றவர்களுக்கு: கடைகளில் எல்இடி டிவி என்று விற்பவை பின்விளக்கு வைத்த எல்சிடி, அவற்றுக்கு மேலே சொன்ன கவலைகள் இல்லை. ஓஎல்இடி டிவி என்றால், இரவில் ரிமோட்டில் அணைத்ததும் சுவர் ஸ்விட்சையும் அணைக்கும் நம் வீட்டுப் பழக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். சில மணி நேரம் ஓடிய பிறகு, காத்திருப்பு நிலையில்தான் அது தன் புள்ளிகளைச் சரிபார்த்துக்கொள்கிறது. மின்சாரத்தை வெட்டினால் அந்த வேலை நடக்காது. இடியும் மின்னலுமாக இருக்கும் இரவு வேறு விஷயம், அன்று தாராளமாக அணைத்துவிடலாம். கடையில் காட்சிக்கு வைத்திருந்த ஓஎல்இடியைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் யோசித்து வாங்குங்கள். அது நாள் முழுக்க அதிகப் பிரகாசத்தில் ஒரே படத்தை ஓட்டியிருக்கக்கூடும். பழைய போன் வாங்கும்போது, முழுத்திரைக்கு ஒரே சாம்பல் நிறப் படத்தை வைத்து, பிரகாசத்தைக் குறைத்து, இருட்டான இடத்தில் பாருங்கள். விசைப்பலகை இருந்த இடமோ மேலே நேரம் காட்டும் பட்டையோ நிழலாகத் தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது வேறு போனைப் பாருங்கள்.