கடைசி மாதத்தில் வயிற்றில் குழந்தையின் அசைவு குறையும் என்று யார் சொன்னது?

“எட்டு மாசம் தாண்டிட்டா உள்ள இடம் இருக்காதாமே மேடம், அதான் அசையலைன்னு நினைச்சேன்.”

இதை முதலில் கிளப்பிவிட்டது யாரென்று தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். மகப்பேறு மருத்துவர்கள் எல்லோருக்கும் காதில் பழகிப்போன பேச்சு. சமீபத்தில் இதைச் சொன்ன பெண்ணுக்கு 36 வாரம். வழக்கமான செக்கப்புக்குத்தான் வந்திருந்தார். எடை, பி.பி. எல்லாம் பார்த்து முடித்து எழுந்திருக்கும்போது, “ரெண்டு நாளா அசைவு கொஞ்சம் கம்மி” என்றார், போகிற போக்கில். ஸ்கேன் வைத்தால் குழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லை. முதல் நாளே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கணவர் கேட்டார். அதற்கு உறுதியான பதில் யாரிடமும் கிடையாது. ஆனால் முதல் நாள் வந்திருந்தால் செய்வதற்கு எங்கள் கையில் ஏதாவது இருந்திருக்கும்.

இந்த ‘இடம் இல்லை’ கதையை இன்றைக்கு ஒரேயடியாக முடித்துவிடலாம். பெரும்பாலானவர்களுக்கு 18 முதல் 20 வாரத்தில் அசைவு தெரிய ஆரம்பிக்கும். ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள் 16 வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவதுண்டு. 24 வாரமாகியும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதற்குப் பிறகு அசைவு கூடிக்கொண்டே போகும். 32 வாரம் வாக்கில் ஓர் அளவுக்கு வந்து, பிரசவம்வரை அதே அளவில் இருக்கும். மாறக்கூடியது அசைவின் விதம்தான். முன்பு சுள்ளென்று உதைத்த குழந்தை இப்போது புரண்டு படுப்பதுபோலவும், விலாவில் காலை வைத்து நெம்புவதுபோலவும் தெரியலாம். அதற்காக எண்ணிக்கை குறையாது. தலை இறங்கினாலும் குறையாது. வலி வரப்போகிறது என்பதாலும் குறையாது. வலி எடுத்து லேபர் வார்டில் படுத்திருக்கும்போதுகூடக் குழந்தை அசைந்துகொண்டுதான் இருக்கும். இடம் போதவில்லை என்று கையைக் காலை மடக்கிக்கொண்டு சும்மா கிடக்கிற குழந்தை கிடையாது. உங்கள் அக்கா சொன்னாலும் கிடையாது, பக்கத்து வீட்டில் நாலு பிள்ளை பெற்றவர் சொன்னாலும் கிடையாது.

“தூங்குது போல” என்பது அடுத்த சமாதானம். தூங்கும்தான். ஒரு தூக்கம் 20 முதல் 40 நிமிடம். ஆரோக்கியமான குழந்தை ஒரே மூச்சில் 90 நிமிடத்தைத் தாண்டித் தூங்குவது அபூர்வம். காலையிலிருந்து பொழுது சாயும்வரை தூங்குகிறது என்று யாராவது ஆறுதல் சொன்னால், தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நஞ்சுக்கொடி வழியாக வர வேண்டியது சரியாக வராதபோது குழந்தை முதலில் சிக்கனம் பிடிப்பது அசைவில்தான்.

எத்தனை அசைவு இருக்க வேண்டும்? எல்லோரும் கேட்பது இதைத்தான். எல்லாக் குழந்தைக்கும் பொருந்துகிற ஒரு எண் இல்லை. கார்டிஃப் சார்ட் என்று 1970களில் ஒன்று வந்தது. காலையிலிருந்து எண்ணி, 12 மணி நேரத்துக்குள் 10 அசைவு வந்துவிடுகிறதா என்று குறிக்கச் சொன்னது. அந்தப் பத்து இன்னும் மக்கள் மனதில் அப்படியே நிற்கிறது. நாள் முழுக்க வழக்கத்தில் பாதிகூட அசையாத குழந்தைக்கும் ராத்திரிக்குள் எப்படியோ பத்தைக் கணக்குக் காட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுகிறார்கள். எல்லோரையும் நோட்டுப் போட்டு எண்ண வைத்தால் குழந்தை இறப்பு குறைகிறதா என்று 68,000 பெண்களுக்கு மேல் வைத்து நடத்திய ஆய்வு 1989இல் லான்செட் இதழில் வந்தது. குறையவில்லை. அதனால் நான் யாருக்கும் சார்ட் கொடுப்பதில்லை. உங்கள் குழந்தையின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எப்போது ஆட்டம் போடும், நீங்கள் படுத்தால் என்ன செய்யும் என்று 28 வாரத்துக்குள் ஓரளவு பிடிபட்டுவிடும். பலருக்குச் சாயங்காலமும் இரவும்தான் அதிகம் தெரியும். சீராகத் தாளம் போடுவதுபோல வருவது விக்கல். அதை அசைவில் சேர்க்காதீர்கள்.

பகலெல்லாம் வேலையில் இருந்து கவனிக்காமல் விட்டுவிட்டேனோ என்று சந்தேகமா? 28 வாரம் தாண்டியிருந்தால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, போனைத் தள்ளி வைத்துவிட்டு, வயிற்றிலேயே கவனம் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் 10 அசைவு வரவில்லை என்றால் உடனே கிளம்புங்கள். இது சந்தேகத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். குறைந்துவிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இந்த இரண்டு மணி நேரத்தையும் வீணாக்கக் கூடாது.

ஐஸ் தண்ணீர், ஜூஸ், ஸ்வீட் எதுவும் மருந்தல்ல. இனிப்பு கொடுத்தால் குழந்தை கூடுதலாக அசையும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. குடித்துவிட்டு ஒரு மணி நேரம் பார்ப்பது, அப்புறம் சாப்பிட்டுவிட்டு இன்னொரு மணி நேரம் பார்ப்பது என்று பொழுது போவதுதான் மிச்சம். போனில் “ஜூஸ் குடிச்சுட்டுப் படுங்க, காலைல பாத்துக்கலாம்” என்று சொல்லி வைக்கும் எங்கள் ஆட்களும் உண்டு. அந்த டூட்டி டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அப்படி யார் சொன்னாலும் நேரில் வந்து நில்லுங்கள்.

குழந்தையின் இதயத் துடிப்பை வீட்டில் வைத்துக் கேட்கும் டாப்ளர் கருவி வாங்கியிருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடுங்கள். பயந்துபோன தாயின் நாடியே நிமிடத்துக்கு 100, 110 என்று ஓடும். அதைக் கேட்டுவிட்டுக் குழந்தை நன்றாக இருக்கிறது என்று தங்கிவிடுகிறார்கள். குழந்தையின் துடிப்பையே கேட்டிருந்தாலும், அந்த நிமிடம் உயிர் இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

நாங்கள் செய்வது வேறு. குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்ய வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, அசைவு தெரியும்போதெல்லாம் அழுத்தச் சொல்வோம். குறைந்தது 20 நிமிடம் பேப்பர் ஓடும். குழந்தை அசையும்போது துடிப்பின் கோடு நிமிடத்துக்கு 15 துடிப்பாவது மேலே ஏறி, 15 விநாடியாவது நின்று இறங்கினால் எங்களுக்கும் மூச்சு வரும். அதன்பிறகு தேவைப்பட்டால் ஸ்கேனில் வளர்ச்சி, பனிக்குட நீர், ரத்த ஓட்டம். நஞ்சுக்கொடி முன்பக்கம் இருப்பதாக ரிப்போர்ட்டில் பார்த்தவர்கள் “எனக்கு எப்பவுமே கம்மிதான்” என்று சொல்வார்கள். ஆரம்பத்தில் அப்படித் தெரியலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேற்று தெரிந்தது இன்று தெரியவில்லை என்றால் அதற்கு நஞ்சுக்கொடி இருக்கும் இடத்தைக் காரணம் காட்ட முடியாது.

ராத்திரி இரண்டு மணிக்கு யாரை எழுப்புவது, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டால் அசிங்கமாக இருக்குமே என்று தயங்குகிறீர்கள் இல்லையா? ஒருமுறை அசைவு குறைந்து வருபவர்களில் 100க்கு 70 பேருக்கு எந்தச் சிக்கலும் இல்லாமல்தான் பிரசவம் முடிகிறது. அந்த 70இல் நீங்கள் ஒருவராக இருந்தால் எங்களுக்குச் சந்தோஷம்தான், யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும். கவுண்டரில் “செக்கப்” என்று சொல்லி வரிசையில் உட்காராதீர்கள். “குழந்தை அசைவு குறைஞ்சிருக்கு” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவைத்த பிறகு, இரண்டு நாள் கழித்து மறுபடி குறைந்தால், போன தடவைதான் பார்த்தார்களே என்று இருந்துவிடாதீர்கள். திரும்பத் திரும்பக் குறைவதை நாங்கள் இன்னும் தீவிரமாகத்தான் எடுத்துக்கொள்வோம். பழைய ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அப்போதே வந்துவிடுங்கள்.