கோர் சப்ஜெக்ட்: முக்கியமா, அடிப்படையா?

பகுதிநேர எம்பிஏ சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் கல்லூரி விளம்பரங்களிலும் கையேடுகளிலும் 'கோர் சப்ஜெக்ட்' என்ற ஆங்கிலத்துக்குத் தமிழாக 'முக்கிய பாடங்கள்' என்று ஒரு தலைப்பு வந்துவிடும். அதன் கீழே கணக்கியல், சந்தைப்படுத்தல், நிதி மேலாண்மை, மனிதவள மேலாண்மை, புள்ளியியல் என்று பட்டியல். பார்த்துப் பார்த்து அலுத்துப்போனது. மரம், பெட்டி இரண்டும் சேர்ந்தால் மரப்பெட்டி. முக்கியம், பாடம் இரண்டும் சேர்ந்தால் முக்கியப் பாடம். அந்த ஒரு 'ப்' எங்கே போனது என்று கேட்டால் நம்மைப் பிழைதேடிப் பண்டிதர் என்பார்கள். சரி, ஒற்றை விடுவோம். ஒற்றைச் சேர்த்து எழுதினாலும் அந்தச் சொல் அந்த இடத்துக்குப் பொருந்தாது.

ஆங்கிலத்தில் கோர் என்றால் பழத்தின் நடுவே விதையிருக்கும் கெட்டியான பகுதி. இலத்தீனில் இதயத்துக்குள்ள சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது என்று பலர் சொல்கிறார்கள். அகராதிக்காரர்கள் அதை அடித்துச் சொல்வதில்லை. நமக்கு அது பெரிதாக வேண்டியதும் இல்லை. பழத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது அதற்கு என்ன பொருள் ஏறியது என்பதுதான் இங்கே கணக்கு. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1919-இல் சமகால நாகரிகம் என்ற ஒரு பாடத்தை இளநிலை மாணவர் அனைவருக்கும் பொதுவாக வைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த பொதுப் பாடத்தொகுதியைத்தான் அங்கே இன்றும் கோர் என்கிறார்கள். யார் எந்தத் துறைக்குப் போனாலும் எல்லோரும் சேர்ந்து படித்துவிட்டுப் போக வேண்டியது என்று பொருள். 'மற்றவற்றைவிட உயர்ந்தது' என்ற எண்ணம் இதில் எங்கேயும் இல்லை.

வணிகப் படிப்பிலும் இதே கதைதான். ஹார்வர்டு 1908-இல் எம்பிஏ தொடங்கியது. அதன்பின் அமெரிக்கா முழுக்க வணிகப் பள்ளிகள் முளைத்தன. ஒவ்வொன்றும் தன் போக்கில் காப்பீட்டு விற்பனை, அலுவலக நடைமுறை என்று சில்லறைப் பாடங்களாக அடுக்கிக்கொண்டே போனது. 1959-இல் இரண்டு அறிக்கைகள் இதைப் போட்டுத் தாக்கின. ஒன்று ஃபோர்டு அறக்கட்டளைக்காக கோர்டனும் ஹோவலும் எழுதியது. இன்னொன்று கார்னகி நிறுவனத்துக்காக பியர்சன் எழுதியது. பொருளியல், கணிதம், புள்ளியியல், மனித நடத்தை பற்றிய அறிவியல் ஆகியவற்றில் முதலில் காலூன்றட்டும், தனித்துறை அப்புறம் என்பதுதான் இரண்டும் சொன்ன சாரம். இன்று நாம் பார்க்கும் முதலாண்டுப் பட்டியல் பெரிதும் அந்தச் சிந்தனையின் பிள்ளை. நம் ஊரில் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐஐஎம் தொடங்கிய 1961-இல் அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

நம் ஊர்ப் பேச்சில் இதில் ஒரு தனிக் குழப்பம் இருக்கிறது. இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் வாயில் 'கோர்' என்ற சொல் படும் பாட்டைக் கவனித்திருப்பீர்கள். 'கோர் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது', 'கோர் சைடிலேயே இருக்கப்போகிறேன், ஐடி வேண்டாம்' என்பார்கள். மெக்கானிக்கல் படித்தவனுக்கு மெக்கானிக்கல்தான் கோர், சிவில் படித்தவளுக்கு சிவில். அதாவது கோர் என்றால் என் சொந்தத் துறை. அதே பிள்ளை நாலைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு மாலை நேர எம்பிஏவில் சேர்கிறது. அங்கே கோர் என்றால் நேர் எதிர்: யாருடைய சொந்தத் துறையும் அல்லாதது, எல்லோருக்கும் பொதுவானது. சொந்தத் துறை என்பது அங்கே இரண்டாம் கட்டத்தில், விருப்பப் பாடங்களாக வருகிறது. ஒரே சொல் ஒரே ஆளின் வாழ்க்கையில் இரண்டு எதிரெதிர்ப் பொருளில் வருகிறது. தமிழ்ச் சொல் தேவைப்படுவது இந்த இடத்தில்தான், தூய்மைக்காக அல்ல.

இந்த இடத்தில் போய் 'முக்கிய பாடம்' என்று எழுதினால் என்ன ஆகும்? மற்றவை முக்கியமில்லை என்று ஆகும். வங்கியில் கடன் பிரிவில் இருப்பவர் இடர் மேலாண்மை படிக்கத்தான் பணம் கட்டிச் சேர்ந்திருப்பார். அவருக்கு முக்கியம் அதுதான். அதை விருப்பப் பாடம் என்று ஒதுக்கிவிட்டு, அவர் வாழ்நாளில் செய்யப்போகாத விற்பனை விளம்பரத்தைப் பற்றிய பாடத்தை முக்கியம் என்றால் அவருக்குக் கோபம் வராதா? முழுநேர மாணவனுக்காவது முதலாண்டிலேயே இவை முடிந்துவிடும். வேலையும் குடும்பமும் பார்த்துக்கொண்டு ஒரு பருவத்துக்கு ஓரிரு பாடம் எடுக்கிறவர் இந்தப் பட்டியலோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். ஏன் இதைப் படிக்கிறோம் என்பதைத் தலைப்பே சொல்ல வேண்டும். 'முக்கியம்' என்ற சொல் காரணம் சொல்வதில்லை, அதட்டுகிறது.

'கட்டாயப் பாடம்' என்று எழுதுகிறவர்கள் இதைவிட நேர்மையானவர்கள். ஆனால் திட்டப்பணியும் கட்டாயம்தான், வாய்மொழித் தேர்வும் கட்டாயம்தான். அவையெல்லாம் கோர் ஆகுமா? எல்லோரும் அதே பாடத்தைத்தான் படிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாத கோரும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பூத் வணிகப் பள்ளியில் நிதிக் கணக்கியல், நுண்பொருளியல், புள்ளியியல் மூன்றும் அடித்தளம். ஏற்கெனவே கணக்கியல் கரைத்துக் குடித்தவர் அதே பாடத்தில் உட்கார்ந்து தூங்க வேண்டியதில்லை, அதைவிட உயர்ந்த கணக்கியல் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அந்தத் துறையில் அவருக்குப் பிடிமானம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

'முதன்மைப் பாடம்' பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் ஏறி உட்கார்ந்துவிட்ட சொல். இளநிலைப் பட்டத்துக்கு அது பொருத்தம்தான். பி.எஸ்சி. வேதியியல் படிப்பவருக்கு வேதியியலே முதன்மை, இயற்பியல் துணைப்பாடம், மறுபேச்சில்லை. எம்பிஏவுக்கு வரும்போது சிக்கல். அங்கே மாணவர்கள் 'நான் மேஜர் ஃபைனான்ஸ், மைனர் மார்க்கெட்டிங்' என்று தங்கள் சிறப்புத் துறையைச் சொல்கிறார்கள். முதன்மை என்ற சொல் அந்த மேஜருக்குத்தான் தேவை. அதைப் பொதுப் பாடத்துக்குக் கொடுத்துவிட்டால், 'என் முதன்மைப் பாடம் நிதி' என்று ஒருவர் சொல்லும்போது அவர் எதைச் சொல்கிறார் என்று யாருக்கும் புரியாது.

இப்போது தனித்தமிழ் அன்பர்களுக்குப் பிடித்த 'கருப்பாடம்'. இதைத்தான் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் உண்மையிலேயே சொல்மேல் காதல் கொண்டவர்கள். கோர் என்பது விதையிருக்கும் நடு, கருவும் அதுவே, பூமியின் நடுப்பகுதியைப் புவிக்கரு என்கிறோமே, அப்புறம் என்ன என்பது அவர்கள் வாதம். முதல் பதில்: எழுத்தில் பார்த்தால் கண்ணுக்குக் 'கருப்பு' தான் முதலில் தெரிகிறது. சிரிக்காதீர்கள், ஒரு கலைச்சொல்லின் விதியை முடிவு செய்வது பல சமயம் இதுதான். இரண்டாவது பதில்: கரு என்பது வளர்ந்து இன்னொன்றாக மாறுவது. கதைக்கரு கதையாக விரிகிறது, முட்டையின் கரு குஞ்சாகிறது. கணக்கியல் வளர்ந்து சந்தைப்படுத்தல் ஆவதில்லை. அது கணக்கியலாகவே இருந்து மற்றதைத் தாங்குகிறது.

மூன்றாவதுதான் என்னை உறுத்துவது. கரு என்ற சொல்லுக்குத் தமிழ் இலக்கணத்தில் ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. அகப்பாடலுக்கு முதல், கரு, உரி என்று மூன்று பொருள். முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்தில் உள்ள தெய்வம், விலங்கு, மரம், பறை, தொழில் முதலானவை. உரிப்பொருள் புணர்தல், பிரிதல் முதலிய ஒழுக்கம். தொல்காப்பியம் இவற்றை 'முறை சிறந்தனவே' என்கிறது; ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்று அதற்குப் பொருள் சொல்லும் உரை உண்டு. அந்த உரையின்படி உச்சியில் இருப்பது உரி, அடியில் தாங்குவது முதல், கரு நடுவில்தான். ஆக நம் மரபிலேயே கரு என்பது தாங்குவதும் இல்லை, தலையாயதும் இல்லை, தாங்குவதன்மேல் முளைப்பது. இந்தக் கணக்கில் பார்த்தால் எம்பிஏவின் விருப்பப் பாடங்களைத்தான் கருப்பாடம் என்று அழைக்க வேண்டும்! மரபை மீட்கிறோம் என்று சொல்கிறவர்கள் மரபில் அந்தச் சொல் எங்கே நிற்கிறது என்றும் பார்க்கலாம்.

அப்படியானால் 'முதற்பாடம்' என்று வைக்கலாமே என்று தோன்றும். வணிகத்துக்கும் பொருத்தம், முதல் போட்டால்தானே வியாபாரம், முதலீடு, முதலாளி எல்லாம். எனக்கும் ஆசைதான். ஆனால் தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் முதற்பாடம் என்றால் புத்தகத்தின் ஒன்றாம் பாடம் என்பார். 'மூலபாடம்' பதிப்பாசிரியர்களின் சொத்து, சுவடியின் மூல வாசகத்தைக் குறிப்பது. இன்னொரு அழகான சொல்லும் இருக்கிறது: காழ். மரத்தின் உள்வயிரம். உள்ளே காழ் உள்ளது மரம், வெளியே காழ் உள்ளது புல் என்று தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். பழத்தின் நடுவைவிட மரத்தின் வயிரம் எவ்வளவோ மேல். ஆனால் 'காழ்ப்பாடம்' என்று அச்சில் போட்டால் அது காழ்ப்பைச் சொல்லித்தரும் பாடமாகிவிடும். அந்த வித்தைக்கு நம் அலுவலகங்களில் வகுப்பே தேவையில்லை.

நான் எழுதுவது 'அடிப்படைப் பாடம்'. புதிதாக உருவாக்க எதுவும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்த சொல். மேலே ஒன்று நிற்கப்போகிறது, அதற்குக் கீழே இது இருக்க வேண்டும் என்பதை அது காரணத்தோடு சொல்கிறது. நிதியறிக்கையைப் படிக்கத் தெரியாமல் ஒரு கம்பெனியை விலைபேசும் பாடத்தில் உட்கார முடியாது. புள்ளியியல் இல்லாமல் சந்தை ஆய்வு இல்லை. விலைக்கும் தேவைக்கும் உள்ள உறவு தெரியாமல் விலை நிர்ணயம் இல்லை. இவற்றை முக்கியம் என்று சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை பாருங்கள். முன்னே சொன்ன சிகாகோ பள்ளியும் அந்த மூன்று பாடங்களை அஸ்திவாரம் என்று பொருள்படும் சொல்லால்தான் அழைக்கிறது.

இதற்கு வரும் எதிர்ப்பு எனக்குத் தெரியும். அடிப்படை என்றால் எளிதானது, தொடக்கநிலை என்று தோன்றாதா? முதுநிலைப் படிப்பில் போய் அடிப்படையா? அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் என்கிறோம். அவை தொடக்கநிலை உரிமைகள் என்று யாராவது நினைக்கிறார்களா? 'பேசிக்' என்ற ஆங்கிலச் சொல்லின் நிழல் தமிழ்ச் சொல்லின்மேல் விழுவதால் வரும் கூச்சம் இது. கணக்கு மறந்துபோனவர்களுக்கு வகுப்பு தொடங்குமுன் நடத்துகிறார்களே, அதை ஆயத்தப் பாடம் என்று எழுதினால் இந்தக் குழப்பமும் போச்சு.

தலைப்பு திருந்தினாலும் பட்டியலுக்குள்ளே இருக்கும் பெயர்கள் பாடாய்ப் படுத்துகின்றன. 'நிறுவன நடத்தை' என்று ஒரு பாடம். ஏதோ நிறுவனம் ஒழுங்காக வரி கட்டுகிறதா, பொய் சொல்கிறதா என்று விசாரிப்பதுபோல இருக்கிறது. அந்தப் பாடம் பேசுவது நிறுவனத்துக்குள் இருக்கும் மனிதர்களை: ஏன் ஒருவர் உழைக்கிறார், ஏன் குழு சண்டை போடுகிறது, யார் சொன்னால் யார் கேட்கிறார்கள் என்று. 'பணியிட மனித நடத்தை' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? 'செயல்பாட்டு மேலாண்மை' இன்னொன்று. உலகில் எதுதான் செயல்பாடு இல்லை? சரக்கு எப்போது வாங்குவது, எந்திரத்தை எப்படி நிரப்பி ஓட்டுவது, வரிசையில் நிற்பவரை எவ்வளவு நேரம் காக்க வைப்பது என்பவைதான் அதில் வருகின்றன. 'உற்பத்தி, சேவை மேலாண்மை' என்று போட்டால் படிக்கிறவருக்கு ஏதாவது தெரியும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று எடை போட்டுப் பெயர்ப்பவர்கள் பாடத்திட்டத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

இலங்கைத் தமிழர் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கட்டுக்கோப்பானவர்கள். மேலாண்மைக்கு முகாமைத்துவம், முதுநிலைப் பட்டத்துக்கு முதுமாணி என்று பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம்வரை ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய 'கணக்கீடு' தமிழ்நாட்டுக்காரருக்கு வெறும் கூட்டல் கழித்தலாகத் தோன்றலாம், எனக்கும் கணக்கியல்தான் பிடிக்கும். ஆனால் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நிற்கும் பழக்கம் அங்கே இருக்கிறது. இங்கே ஒரே கையேட்டில் முதல் பக்கம் 'வணிக நிர்வாகம்', மூன்றாம் பக்கம் 'வணிக மேலாண்மை', கடைசிப் பக்கம் 'தொழில் மேலாண்மை'. பட்டத்துக்கு 'முதுகலை' என்று வேறு எழுதுகிறார்கள். முதுகலை எம்.ஏ.வுக்கு உரியது, எம்பிஏவுக்கு முதுநிலை என்று எழுதினால் போதும்.

இனி கையேடு எழுதப்போகிறவர்களுக்கு: அடிப்படைப் பாடங்கள், விருப்பப் பாடங்கள், திட்டப்பணி என்று மூன்று தலைப்பு போடுங்கள். எந்த விருப்பப் பாடத்துக்கு முன்னால் எந்த அடிப்படைப் பாடத்தை முடித்திருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே ஒரு வரி சேருங்கள். மாலை ஆறரைக்கு ஆபீஸிலிருந்து நேராக வகுப்புக்கு ஓடிவருகிறவர் தேடுவது அந்த வரியைத்தான்.