ஹால்மார்க்: 'தர முத்திரை' என்பது தமிழாகுமா?

கண்டெடுத்த மோதிரம் ஒன்றின் உட்புறம் '750' என்ற எண்ணும், பக்கத்தில் சாய்சதுரத்துக்குள் இரண்டு எழுத்தும் பொறித்திருக்கின்றன. இரண்டும் வேறு வேறு செய்தி. மொழிபெயர்ப்பாளர்களோ இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி 'தர முத்திரை' என்கிறார்கள். படிப்பவரை ஏமாற்றும் சொல் இது.

'ஹால்மார்க்' என்பதில் உள்ள ஹால், லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபம்; மார்க் என்றால் குறி. 1478 முதல் நகைகளை அங்கே கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை குத்தினார்கள். மண்டபத்தின் பெயர் குறியோடு ஒட்டிக்கொண்டது. 'ஹால்மார்க் முத்திரை' என்றால் குறி என்பதையே இரண்டு தடவை சொல்கிறோம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், பொருள் கெடவில்லை.

'தர முத்திரை' பொருளையே கெடுக்கிறது. தரம் என்றால் வேலைப்பாடு, பற்றவைப்பு, கல் பதித்த நேர்த்தி எல்லாம் அதில் அடங்கும். சோதனைக்கூடம் பார்ப்பது உலோகத்தில் பொன் எத்தனை பங்கு என்பதை மட்டும். ஆயிரத்தில் 916 பங்கு என்றால் 22 காரட், 750 என்றால் 18, 375 என்றால் 9. கோணல்மாணலாகச் செய்த வளையலும் 916 பெறும். கைதேர்ந்தவர் இழைத்த 9 காரட் பதக்கம் 375தான் பெறும். இதில் தரம் எங்கே வந்தது?

இதற்கென்றே தமிழில் சொல் இருக்கிறது: மாற்று. உரைகல்லில் தேய்த்து, விழுந்த கோட்டின் நிறம் பார்த்து மாற்றுச் சொன்னவர்கள் நாம். 'பத்தரை மாற்றுத் தங்கம்' இன்னும் பேச்சில் வாழ்கிறது. 'மாற்று' என்றால் இப்போது 'பதிலுக்கு உள்ளது' என்றுதான் படுகிறது, மாற்று எரிபொருள் போல, என்று ஆட்சேபிப்பார்கள். நியாயம்தான். அதனால் 'பொன்மாற்று முத்திரை' என்று முன்னொட்டுச் சேர்த்தே எழுதுவோம். வெள்ளிக்கு 'வெள்ளிமாற்று முத்திரை'. குழப்பம் தீர்ந்தது.

மோதிரத்தில் சாய்சதுரத்துக்குள் இருந்த அந்த இரண்டெழுத்துக்கு 'செய்தவர் குறி' என்பதே போதும். இங்கிலாந்தில் 1363லேயே பொற்கொல்லர் ஒவ்வொருவருக்கும் தனிக் குறி வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது, மண்டப முத்திரைக்கு நூறாண்டுக்கு மேல் முந்தி. பொன் எவ்வளவு என்று அது சொல்லாது. யார் பொறுப்பு என்று சொல்லும். இந்த வேறுபாடு அமெரிக்க நகைகளில் இன்னும் முக்கியம். அங்கே அரசுச் சோதனைக்கூட முத்திரை கட்டாயமில்லை. 1906ஆம் ஆண்டுச் சட்டம் பொய்யான காரட் எண்ணைத் தடுத்தது. 1961இல் வந்த திருத்தம், எண்ணைப் பொறித்தால் பதிவுபெற்ற குறியும் கூடவே இருக்க வேண்டும் என்றது. ஆக '14 கே', அதாவது 14 காரட், என்பது அங்கே செய்தவரின் வாக்கு. அதைப் போய் 'தர முத்திரை' என்றால், யாரோ நடுவர் சோதித்துச் சான்று தந்ததாகத்தானே படிப்பவர் நினைப்பார்?

இன்னும் மோசம், 'ஜி.எஃப்.' (கோல்ட் ஃபில்ட்) என்ற குறிக்கு எழுதும் 'தங்கம் நிரப்பப்பட்டது'. ஃபில்ட் என்ற சொல்லைப் பார்த்தார்கள், அகராதியைப் பிரித்தார்கள், பொருளை யாரும் பார்க்கவில்லை. உண்மை தலைகீழ்: உள்ளே பித்தளை போன்ற மலிவு உலோகம், மேலே பொன்தகடு அழுத்திப் பொருத்தியிருக்கும். '1/20 12 கே ஜி.எஃப்.' என்றால் எடையில் இருபதில் ஒரு பங்கு 12 காரட் பொன். 'பொன்தகடு போர்த்தது' என்று எழுதினால் ஒரு குழந்தைக்கும் விளங்கும். 'ஜி.பி.' (கோல்ட் பிளேட்டட்) அதைவிட மெல்லியது, பொன்முலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. '14 கே.பி.' என்பதில் உள்ள 'பி'யையும் முலாம் என்று எழுதினால் நல்ல நகை வீணாகும். அது 'பிளம்ப்', அதாவது 14 காரட்டுக்கு இம்மியும் குறையாதது. அதற்கு நம் சொல் 'மாற்றுக் குறையாத பொன்'.