காயம் முதலில், கருவி பிறகு

சேகோ ஆலையில் வேலை முடிந்து வருகிறவரை சேலத்துக்காரர்கள் பார்த்திருப்பார்கள். தலை, சட்டை எல்லாம் மரவள்ளி மாவு. குளித்துத் துணி மாற்றினால் போய்விடும். அதே ஆள் பகலெல்லாம் வெயிலில் நின்றிருந்தால் உடம்பு காய்ந்திருக்கும். ஆனால் அவரைத் தொடுகிறவர் மேல் அந்த வெயில் ஒட்டாது.

கதிர்வீச்சு விபத்தில் சிக்கி வருபவர்களையும் மருத்துவர்கள் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். காமா கதிர் உடலை ஊடுருவிப் போனவர் வெயிலில் நின்றவர். அவரைத் தொடுவதால் செவிலியருக்கு ஆபத்தில்லை. கதிரியக்கத் தூள் படிந்தவர் மாவு ஒட்டியவர். உடையைக் கழற்றிப் பையில் கட்டினாலே பெரும்பகுதி தூள் போய்விடும். மீதிக்கு சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். அழுத்தித் தேய்க்க மட்டும் கூடாது. தோல் உரிந்தால் தூள் உள்ளே போகும். மாஸ்க், கவுன், இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். ரத்தம் கொட்டுகிறவரை, கதிரியக்கத்தைக் கருவி வைத்து அளக்கும்வரை காக்க வைக்கவே கூடாது. மருத்துவமனை ஊழியர்களுக்கான பயிற்சியில் முதலில் மனதில் பதிய வேண்டியது இதுதான்.

அடுத்தது கூட்டம். 1987இல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட கதிர் சிகிச்சைக் கருவியில் இருந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் பழைய இரும்புக் கடைக்குப் போனது. சுமார் 1,12,000 பேரைச் சோதித்தார்கள். மாசு இருந்தது 249 பேரிடம்தான். 4 பேர் இறந்தார்கள். 2010இல் டெல்லி மாயாபுரியிலும் பழைய இரும்பு வழியாகவே கோபால்ட்-60 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள் வந்து ஓர் உயிரைப் பறித்தது. பழைய இரும்புக் கடை சேலத்திலும் உண்டு. இங்கே அப்படி நடந்தால் பயந்து ஓடி வருகிறவர்களை மைதானம் போன்ற திறந்த வெளியில் வைத்துச் சோதிக்க வேண்டும். அவசரப் பிரிவின் வாசல் காயம்பட்டவருக்குத் திறந்திருக்க வேண்டும்.

சரி, யார் எவ்வளவு கதிர் வாங்கியிருக்கிறார் என்று எப்படித் தெரியும்? ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் அளவு அதிகம் என்று சந்தேகிக்கலாம். ஆனால் பயத்திலும் வாந்தி வரும். அதைவிட நம்பகமானது சாதாரண ரத்தப் பரிசோதனை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை லிம்போசைட் என்ற வெள்ளணுக்களை எண்ண வேண்டும். எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ, அவ்வளவு அதிகமாகக் கதிர் பட்டிருக்கிறது. இதற்கு அபூர்வமான கருவி எதுவும் வேண்டாம்.

ஏற்காட்டிலிருந்து கால் முறிந்து ஒருவரைக் கொண்டு வருகிறார்கள், கதிரும் பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சையை, கதிர் பட்டதிலிருந்து 36 முதல் 48 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அப்புறம் வெள்ளணுக்கள் சரிந்துவிடும், புண் ஆறாது, கிருமி தொற்றும். விட்டால், அணுக்கள் மீண்டும் ஏறும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.