ஜிஐஎஸ் என்றால் புவித்தகவல் முறைமை

ஜிஐஎஸ் என்ற மூன்றெழுத்து இன்று புவியியல் வகுப்பறையில் வெகு சாதாரணமாகப் புழங்குகிறது. ஆனால் அதைச் சொல்லும் பலர் மனத்தில் இருப்பது திரையில் தெரியும் ஒரு மேப்தான். செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, சுட்டியை உருட்டிப் பெரிதாக்கி, “இதோ நைல் ஆறு” என்று காட்டி முடித்தால் ஜிஐஎஸ் பாடம் நடந்துவிட்டதாகக் கணக்கு. சொல்லை விரித்துப் பார்த்தால் அந்தக் கணக்கு நிற்காது.

விரிவு: ஜியோகிராஃபிக் இன்ஃபர்மேஷன் சிஸ்டம். மேப் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. ஒவ்வொரு தகவலையும் அது எந்த இடத்துக்கு உரியதோ அந்த இடத்தோடு கட்டிச் சேமித்து, இடத்தை வைத்தே கேள்வி கேட்டு விடை காண உதவும் கணினி முறை என்பதுதான் பொருள். ஆற்றின் கரையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன? இந்தக் கேள்விக்கான விடை மேப்பாகவும் வரலாம், பட்டியலாகவும் வரலாம், வெறும் ஓர் எண்ணாகவும் வரலாம்.

பெயர் பிறந்த கதையும் இதையே சொல்கிறது. ராஜர் டாம்லின்சன் என்ற புவியியலாளர் கனடாவில் ஒரு வான்வழி நில அளவை நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, கென்யாவில் மரத்தோட்டத்துக்கு இடம் தேடும் பணி ஒன்று வந்தது. பல வகை மேப்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கையாலேயே ஒப்பிட்டால் செலவு கட்டுப்படியாகாது என்று தெரிந்தது. கணினியிடம் விட்டால் என்ன என்று அவர் யோசித்தார். அப்புறம் 1960களில் கனடா அரசு தன் நிலங்களை வேளாண்மை, காடு, வனவிலங்கு எனப் பல நோக்கில் தரம் பிரிக்கும் பெரும் கணக்கெடுப்பில் இறங்கியது. அதற்காக உருவானதே கனடா ஜியோகிராஃபிக் இன்ஃபர்மேஷன் சிஸ்டம். டாம்லின்சன் 1968இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே இந்தச் சொற்றொடர் இருக்கிறது. எந்தத் தரத்தில் எவ்வளவு நிலம், அது எங்கே என்ற கணக்குதான் அங்கே முதல் தேவை. அழகான மேப் அப்புறம்தான்.

இனி முதல் சொல். ஜியோகிராஃபி என்ற கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் புவியை எழுதுதல் அல்லது வரைதல். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்துகொண்டு புவியின் சுற்றளவைக் கணக்கிட்ட எரட்டோஸ்தனிஸ்தான் இதை ஒரு துறையின் பெயராக்கியவர். தமிழில் முன்பு பூகோளம் என்றோம், இப்போது புவியியல் என்கிறோம். அதனால் ஜிஐஎஸ்ஸைப் ‘புவியியல் தகவல் அமைப்பு’ என்று பெயர்த்துவிட்டார்கள். எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. ‘இயல்’ என்ற ஈறு துறையைக் குறிப்பது. புவியியல் தகவல் என்றால் புவியியல் பாடத்தில் படிக்கும் செய்தி என்று காதில் விழுகிறது. இங்கே சொல்ல வந்ததோ இடத்தோடு ஒட்டிய தகவல். ஒரு நோயாளியின் முகவரி, ஒரு தெருவிளக்கு நிற்கும் இடம், ஒரு நிலநடுக்கத்தின் மையம் என எதுவாகவும் அது இருக்கலாம். கறாராகப் பார்த்தால் ‘இடஞ்சார் தகவல்’ என்பதே பொருந்தும். ஆனால் நீளமும் ஓசையும் வகுப்பறைக்கு ஒத்துவராது. ‘புவித்தகவல்’ நடுவழி. இயல் போய்விட்டது, சொல்லும் சுருங்கிவிட்டது.

கடைசிச் சொல்லான சிஸ்டத்துக்கு ‘அமைப்பு’ என்று எழுதுவது தவறில்லை. ஆனால் தமிழில் அமைப்பு என்றதும் சங்கம், நிறுவனம் என்ற பொருளும் கூடவே வருகிறது. ‘புவித்தகவல் அமைப்பு அறிவித்துள்ளது’ என்று ஒரு செய்தி வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஏதோ அரசுத் துறை என்றே நினைப்பார்கள். ‘முறைமை’க்கு அந்தச் சிக்கல் இல்லை. தரவு, மென்பொருள், அதை இயக்கும் ஆள், வேலை செய்யும் ஒழுங்கு எல்லாம் சேர்ந்த ஒன்று என்ற பொருளையும் அது தாங்கும். ஆகவே புவித்தகவல் முறைமை.

1992இல் மைக்கேல் குட்சைல்டு என்ற புவியியலாளர் இதே எழுத்துகளின் கடைசி எஸ்ஸுக்கு ‘சயின்ஸ்’ என்று வேறொரு விரிவு கொடுத்தார். கருவியைப் பற்றிப் பேசாமல், அதன் பின்னாலுள்ள அறிவியலைப் பேச ஒரு பெயர் வேண்டியிருந்தது. அந்தப் பொருளில் புவித்தகவலியல் என்று எழுதலாம். இயல் இங்கே சரியான இடத்தில் வந்து உட்காருகிறது.

நடுச்சொல்லில்தான் பாடமே இருக்கிறது. டேட்டா, இன்ஃபர்மேஷன் இரண்டையும் தகவல் என்றே எழுதிவிடும் வழக்கம் உண்டு. டேட்டா லத்தீன் சொல், ‘கொடுக்கப்பட்டவை’ என்று பொருள். ‘தரவு’ தா என்ற வினையிலிருந்து வந்து அதே பொருளைச் சுமக்கிறது. இணையத்தில் கிடைக்கும் மழையளவுப் பட்டியல் தரவு. அதை நிலையங்களின் இருப்பிடத்தில் பொருத்தி, மலையின் எந்தப் பக்கம் மழை குறைகிறது என்று மாணவர் கண்டுகொண்டால் அது தகவல். பட்டியலை அப்படியே அச்சடித்துக் கொடுத்தால் தரவு தரவாகவே கிடக்கும்.

மேப் என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. லத்தீனில் மாப்பா என்றால் துணி, கைக்குட்டை. உலகப் படத்தை மாப்பா முண்டி என்றார்கள், ‘உலகத் துணி’ என்று பொருள் வரும். தமிழில் ‘படம்’ என்ற சொல்லுக்கும் பழைய பொருள் துணிதான். முல்லைப்பாட்டில் ‘படம் புகு மிலேச்சர்’ என்ற இடத்தில் படம் என்பது உடம்பில் அணிந்த சட்டை. தொடர்பில்லாத இரு மொழிகளில் துணியைக் குறித்த சொல் வரைந்த உருவத்துக்கு ஆகிவந்திருக்கிறது. ஆக, படம் என்ற பகுதி சரியானதே. தகராறு முன்னொட்டில்தான். மேப்பை வரைபடம் என்கிறோம், கணக்கு வகுப்பில் கிராஃபையும் வரைபடம் என்கிறோம். ஒரே திரையில் இடப்பக்கம் மேப், வலப்பக்கம் மழையளவுக் கிராஃப் என்று மென்பொருள் காட்டும்போது “வரைபடத்தைப் பார்” என்றால் மாணவன் எதைப் பார்ப்பான்? இலங்கைப் பாடநூல்கள் தேசப்படம் என்று எழுதி இந்தக் குழப்பத்திலிருந்து தப்பிவிட்டன. ஆனால் கடலடித் தரையையோ செவ்வாயின் மேற்பரப்பையோ தேசப்படம் என்று சொல்ல நா கூசும். நான் நிலப்படம் பக்கம். செவ்வாயிலும் நிலம் இருக்கிறது.

லேயர் என்ற சொல்லுக்கு ‘அடுக்கு’ பரவலாக வழங்குகிறது. அடுக்கு என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த முழுத் தொகுதி என்ற பொருள் தமிழில் வலுவானது. ஆறுகள் ஒரு லேயர், சாலைகள் ஒரு லேயர் என்று ஒவ்வொன்றையும் தனியே குறிக்க ‘படலம்’ மேல். மெல்லியது, மூடினாலும் கீழே இருப்பது தெரியக்கூடியது என்ற இரண்டு குறிப்பும் அதில் இருக்கின்றன. படலங்கள் சேர்ந்தது அடுக்கு என்று வைத்துக்கொண்டால் இரண்டு சொல்லும் பிழைக்கும்.

வெக்டர் தரவைத் ‘திசையன் தரவு’ என்று எழுதுவதைக் கண்டால் நிறுத்துங்கள். அது இயற்பியல் வகுப்பின் சொல். இங்கே வெக்டர் என்பது புள்ளி, கோடு, பரப்பு என்ற வடிவங்கள், எனவே வடிவத் தரவு. ராஸ்டர் என்பது சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்த படம், எனவே கட்டத் தரவு.

இந்தச் சொற்கள் வகுப்பில் எங்கே உதவும்? மத்திய ஆசியாவிலுள்ள ஏரல் கடலை எடுத்துக்கொள்ளலாம். அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீரைப் பாசனத்துக்குத் திருப்பியதால் 1960களிலிருந்து சுருங்கிவந்த நீர்நிலை அது. புவியைப் படமெடுக்கும் லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972இல் ஏவப்பட்டது, அந்த வரிசையின் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். இரண்டு காலத்துப் படங்களை அடுத்தடுத்துக் காட்டினால் மாணவர்கள் “அடேங்கப்பா” என்பார்கள், அவ்வளவுதான். அதே படங்களைக் கியூஜிஐஎஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில் ஏற்றி, இரண்டு காலத்துக் கரைகளையும் மாணவர்களே கோடிட்டு இரண்டு படலங்களாக்கி, பரப்பளவைக் கேட்டு வாங்கினால் எவ்வளவு சுருங்கியது என்பது அவர்களுடைய கண்டுபிடிப்பாகிவிடும். கட்டத் தரவிலிருந்து வடிவத் தரவு, வடிவத்திலிருந்து எண். முதல் வகையில் நடந்தது படம் பார்த்தல், இரண்டாவதில் நடந்ததுதான் ஜிஐஎஸ். பலர் சேர்ந்து தொகுக்கும் திறந்த மேப்பான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து சாலைகளைத் தரவாகவே இறக்கிக்கொள்ளலாம் என்பதும், திரையில் மட்டும் காட்டும் மேப் தளத்தில் அது முடியாது என்பதும் இதே வேறுபாடுதான்.

இரண்டாவது வகையில் தவறும் வரும், அந்தத் தவறே நல்ல பாடம். அகலாங்கையும் (அட்சரேகை) நெட்டாங்கையும் (தீர்க்கரேகை) இடம் மாற்றி உள்ளிடுவது எல்லோரும் செய்வது, ஏனென்றால் பேச்சில் அகலாங்கு முதலில் வரும், மென்பொருள் கேட்கும் எக்ஸ் அச்சு மதிப்போ நெட்டாங்கு. சிங்கப்பூரின் 1.35, 103.8 என்ற எண்களை மாற்றிப் போட்டால் 103.8 பாகை அகலாங்கு என்று ஆகும். 90க்கு மேல் அகலாங்கே கிடையாது என்பதால் பிழை உடனே தெரிந்துவிடும். கெய்ரோவின் 30.04, 31.24 ஆபத்தானது. மாற்றிப் போட்டாலும் புள்ளி எகிப்திலேயே, அலெக்சாந்திரியாவை ஒட்டி விழும். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

வண்ணத்தால் நிரப்பும் நிலப்படத்திலும் ஒரு பொறி உண்டு. மக்கள்தொகை எண்ணிக்கையை அப்படியே நிறமாக்கினால் பரப்பில் பெரிய மாநிலம் கண்ணை நிறைத்துவிடும். பரப்பளவால் வகுத்து அடர்த்தியாக்கிய பிறகே நிறம் பூச வேண்டும். பரப்பும் மெர்கேட்டர் வீழலில் ஏமாற்றும் (வீழல் என்பது உருண்டையான புவியைத் தட்டைப் படமாக்கும் முறை). 1569இல் கடற்பயணத்துக்காக வரைந்த அந்த முறையில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு ஏறக்குறையச் சமமாகத் தெரியும், உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. இணைய மேப்கள் பலவும் இந்த முறையின் வழிவந்தவை என்பதால் அளப்பதற்கு முன் பரப்பின் விகிதத்தைக் கெடுக்காத சமப்பரப்பு வீழலுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

எழுத்தில் முதல் முறை ‘புவித்தகவல் முறைமை’ என்று முழுமையாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த இடங்களில் ஜிஐஎஸ் என்றே சொல்லலாம். ‘புதமு’ என்று சுருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முதல் எழுத்துகளைக் கோத்துச் சுருக்குவது செய்தித்தாளில் கட்சிப் பெயருக்குப் பழகிப்போன வழி, கருவிப் பெயருக்கு இன்னும் ஒட்டவில்லை. கியூஜிஐஎஸ், ஆர்க்ஜிஐஎஸ் போன்றவை மென்பொருள்களின் சொந்தப் பெயர்கள், அவற்றைப் பெயர்க்க வேண்டியதே இல்லை.