முதலில் ஸ்க்ரூடிரைவர், அப்புறம்தான் ரேடியோ

புதிதாக ஏரோபாட்டிக் மாடல் விமானம் கட்டி முடித்தவர்கள் பெரும்பாலும் நேராக ரேடியோவைக் கையில் எடுத்து, மெனுவுக்குள் போய், மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டருக்கு 40 சதவீதம், விமானத்தை உருட்டும் இறக்கைப் பலகையான எயிலரானுக்கு 60 சதவீதம் அசைவு என்று எண்களைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். பலகையை அசைக்கும் சின்ன மோட்டார்தான் சர்வோ; அதன் கையான ஆர்மின் வெளிப்பக்கக் கடைசித் துளையில் புஷ்ராடை, அதாவது எலிவேட்டருக்குப் போகும் கம்பியை, மாட்டியிருந்தேன். எலிவேட்டர் தாறுமாறாக ஆடியது. ரேடியோவில் 35 சதவீதத்துக்குக் குறைத்தேன், ஆட்டம் அடங்கியது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். விமானம் பறக்கத்தான் செய்தது, ஆனால் நேராகப் போகவே இல்லை. மூக்கு லேசாக மேலே போகும், நடுநிலையைச் சற்றே நகர்த்தும் ட்ரிம்மில் ஒரு கிளிக் இறக்குவேன், உடனே கீழே பார்க்கும், ஒரு கிளிக் ஏற்றுவேன். ஒரு சாயங்காலம் முழுக்க இதே கூத்து.

ஏன் அப்படி? கணக்கு எளிமையானது. எலிவேட்டரில் கம்பியை மாட்டும் கொம்பான ஹார்னின் துளை, கீலிலிருந்து 20 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வோ ஆர்மிலும் 20 மி.மீ. துளையில் கம்பியை மாட்டினால், சர்வோ ஒரு டிகிரி திரும்பினால் எலிவேட்டரும் ஒரு டிகிரி திரும்பும். எனக்குத் தேவைப்பட்டதோ 12 டிகிரிதான், ஆக சர்வோவும் 12 டிகிரி அசைந்தால் போதும். அதையே 8 மி.மீ. துளைக்கு மாற்றினால், அதே 12 டிகிரிக்குச் சர்வோ சுமார் 31 டிகிரி திரும்பியாக வேண்டும். வேலை கூடுகிறதே என்று தோன்றும், ஆனால் லாபம் அங்கேதான் இருக்கிறது. சர்வோவின் பல்சக்கரங்களில் ஒரு டிகிரி லொடலொடப்பு இருந்தால் முதல் அமைப்பில் அது அப்படியே எலிவேட்டருக்குப் போகும், இரண்டாவதில் 0.4 டிகிரியாகச் சுருங்கிவிடும். சர்வோவின் பலமோ எலிவேட்டரில் இரண்டரை மடங்காகக் கிடைக்கும். ரேடியோ ஸ்டிக்கின் முழு அசைவை 2048 படிகளாகப் பிரித்து அனுப்புகிறது என்றால், 35 சதவீதத்தில் ஓட்டுபவருக்கு அதில் 700 சொச்சம்தான் கிடைக்கிறது, மீதியை அவரே தூக்கி எறிந்துவிட்டார்.

லொடலொடப்பு ட்ரிம்மோடு நிற்கிற விஷயமும் இல்லை. வேகமாக இறங்கும்போது காற்று அந்தச் சின்ன இடைவெளியைப் பிடித்துக்கொண்டு எலிவேட்டரைப் படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும். இதற்குப் பெயர் ஃப்ளட்டர். கீழே நிற்பவருக்கு முதலில் ஒரு 'ர்ர்ர்' சத்தம் கேட்கும், அடுத்த கணம் எலிவேட்டர் இருக்காமல்கூடப் போகலாம்.

சரி, எவ்வளவு த்ரோ, அதாவது பலகை அசையும் அளவு, வேண்டும்? எஃப்3ஏ என்ற துல்லியப் பறத்தல் போட்டி விமானங்கள் 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் இறக்கை அகலம், 5 கிலோ என்ற வரம்புக்குள் கட்டப்படுபவை. அவற்றுக்கு எலிவேட்டரில் 10, 12 டிகிரியே தாராளம். 3டி பறத்தலுக்கு அதே எலிவேட்டரை 45 டிகிரி வரை திறந்துவிடுவார்கள். காரணம் வேகம். காற்று தரும் விசை வேகத்தின் இருமடிக்கேற்ப மாறுகிறது, வேகம் பாதியானால் விசை கால்வாசிதான். 3டியில் விமானம் அநேகமாக நின்ற இடத்திலேயே புரொப்பெல்லர் தள்ளும் காற்றில் தொங்குகிறது, இறக்கையும் ஸ்டாலாகி, அதாவது தூக்கும் விசையை இழந்து கிடக்கிறது, அதனால் பெரிய பலகையாகக் குறுக்கே நீட்டினால்தான் ஏதாவது நடக்கும். அதே 45 டிகிரியை முழு வேகத்தில் இழுத்துப் பாருங்கள், வேண்டாம், பார்க்காதீர்கள்.

அளக்கத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை, ஒரு ஸ்கேல் போதும். எலிவேட்டரின் அகலம், அதாவது கீலிலிருந்து பின்விளிம்பு வரை, 60 மி.மீ. என்றால் 12 டிகிரிக்குப் பின்விளிம்பு ஏறக்குறைய 12.5 மி.மீ. மேலே வர வேண்டும், 45 டிகிரிக்கு 42 மி.மீ. இறக்கையின் நுனிப் பக்கம் எயிலரான் குறுகலாக இருந்தால் அங்கே மி.மீ. கணக்கு வேறாக வரும், எனவே எந்த இடத்தில் அளந்தீர்கள் என்று பென்சிலால் குறித்து வையுங்கள்.

எனக்குப் பிடித்த பகுதி சர்வோ ஆர்மை மாட்டுவது. ஸ்டிக் நடுவில் இருக்கும்போது ஆர்ம் புஷ்ராடுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே போகும் அளவும் கீழே வரும் அளவும் சமமாக இருக்காது. ஆனால் சர்வோத் தண்டில் 25 பற்கள் இருந்தால் ஒரு பல் நகர்த்தினாலே 14.4 டிகிரி தாவிவிடும். உடனே எல்லோரும் ரேடியோவிலிருந்தே சர்வோவின் நடுநிலையை நகர்த்தும் சப்-ட்ரிம்முக்கு ஓடுவார்கள். அதற்கு முன் நாலு கை ஆர்மை எடுத்து, ஒவ்வொரு கையாகத் தண்டில் மாட்டிப் பாருங்கள். 90 டிகிரி என்பது 25 பல்லில் ஆறே கால் பல், அதனால் ஒவ்வொரு கையும் அடுத்ததிலிருந்து கால் பல், அதாவது 3.6 டிகிரி விலகி உட்காரும். நாலில் ஒன்று கிட்டத்தட்டச் செங்குத்தாக நின்றே தீரும். மற்ற மூன்று கைகளையும் வெட்டிப் போடுங்கள். மிச்சமிருக்கும் இரண்டு டிகிரிக்குள் உள்ள பிசகுக்குத்தான் சப்-ட்ரிம்.

இவ்வளவும் முடிந்த பிறகு ரேடியோவைத் தொடலாம். டூயல் ரேட்டில் சுவிட்சின் ஒரு நிலைக்குச் சின்ன த்ரோ, இன்னொரு நிலைக்குப் பெரியது. எக்ஸ்போ என்பது ஸ்டிக்கின் நடுப்பகுதியை மந்தமாக்குவது: பல ரேடியோக்களில் 40 சதவீத எக்ஸ்போ வைத்துப் பாதி ஸ்டிக் கொடுத்தால் 50க்குப் பதில் 35 சதவீத அசைவுதான் வரும், முழு ஸ்டிக்கில் எதுவும் குறையாது. ஒரு வில்லங்கம் என்னவென்றால், ஃபுட்டாபா ரேடியோவில் மந்தமாக்க மைனஸ் போட வேண்டும், ஸ்பெக்ட்ரம் ரேடியோவில் பிளஸ். பழைய ரேடியோவின் எண்ணைப் புதியதில் அப்படியே பதித்தால் நடுப்பகுதி கத்தி மாதிரி கூர்மையாகிவிடும், அதுவும் மேலே ஏறிய பிறகுதான் தெரியும்! ஸ்டிக்கை மெதுவாகத் தள்ளி எலிவேட்டரைக் கண்ணால் பாருங்கள், ஆரம்பத்தில் சோம்பலாக அசைந்தால் சரி.

களத்தில் நல்ல உயரத்தில், சின்ன ரேட்டில், பறக்கப்போகும் வேகத்திலேயே எலிவேட்டரை முழுதாக இழுங்கள். வளைவின் நடுவில் ஓர் இறக்கை வெடுக்கென்று கவிழ்ந்தால் த்ரோ அதிகம், ஒன்றிரண்டு டிகிரி குறையுங்கள். எயிலரானுக்கு மூன்று சுழற்சி நாலைந்து விநாடியில் வந்தால் எனக்குப் போதும். மூக்கை இடவலமாகத் திருப்பும் ரட்டருக்கு எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவும் வையுங்கள். தரையிறங்கும்போது எலிவேட்டர் பற்றாமல் மூக்கு தூக்கவே மாட்டேன் என்கிறதா? த்ரோவை ஏற்ற வேண்டாம். பெரும்பாலும் எடை முன்னால் இருக்கும், பேட்டரியை ஒரு செ.மீ. பின்னால் தள்ளிவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள்.