ஷாக்: இரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே

'ஷாக்' என்றால் நமக்கு மின்சாரம் தாக்குவது நினைவுக்கு வரும். 'அதிர்ச்சி' என்றால் கெட்ட செய்தி கேட்டு நிலைகுலைவது. மருத்துவர் குறிப்பேட்டில் 'ஷாக்' என்று எழுதும்போது இவ்விரண்டையுமே சொல்வதில்லை. திசுக்களுக்கு வேண்டிய ஆக்சிஜனை இரத்த ஓட்டத்தால் கொண்டு சேர்க்க முடியாமல் போன நிலைக்கே அங்கு அந்தப் பெயர். ஆக்சிஜன் போதாத செல்கள் அது இல்லாமலே குளுக்கோஸைச் சிதைத்துச் சமாளிக்கப் பார்க்கின்றன; அதனால் அந்தச் சிதைவில் உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் இரத்தத்தில் ஏறுகிறது.

இரத்த அழுத்தம் குறைந்தால்தான் ஷாக் என்று எண்ணுவது ஆபத்தான பிழை. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உண்டு. விபத்தில் அதில் 1 லிட்டர் வெளியேறிய பின்னும், படுத்திருப்பவரின் அழுத்தம் இயல்பாகவே காட்டக்கூடும். ஏனெனில் இதயம் துடிப்பைக் கூட்டுகிறது, தோலுக்கும் குடலுக்கும் செல்லும் நுண்தமனிகள் சுருங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தை மிச்சப்படுத்தித் தருகின்றன. கை கால் சில்லிடுவதும் சிறுநீர் குறைவதும் இந்தச் சிக்கனத்தின் விளைவுகள். விரல்நுனியை அழுத்தி விட்டால், வெளுத்த இடம் 3 வினாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும்; தாமதித்தால் கவலைப்பட வேண்டும். கருவி எதுவும் தேவைப்படாத இந்தச் சோதனையை வழிகாட்டியாகக் கொண்ட சிகிச்சையையும் லாக்டேட் அளவைப் பின்பற்றிய சிகிச்சையையும் தென்னமெரிக்க மருத்துவர்கள் செப்சிஸ் (தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையே உறுப்புகளைப் பழுதாக்கும் நிலை) ஷாக்கில் இருந்த 424 பேரிடம் ஒப்பிட்டு 2019-இல் முடிவை வெளியிட்டனர். விரல்நுனிச் சோதனை சற்றும் பின்தங்கவில்லை.

காரணத்தைப் பொறுத்தே சிகிச்சை மாறுகிறது. இரத்தப்போக்கிலும் காலராவிலும் குழாய்க்குள் இருக்க வேண்டியது குறைந்துபோகிறது. முன்னதில் கசிவை அடைத்து இரத்தம் ஏற்ற வேண்டும், பின்னதில் உப்புநீர் போதும். மாரடைப்பில் பம்பே பழுதாகிறது. அங்கு சலைனைக் கொட்டினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், அடைபட்ட தமனியைத் திறப்பதே வழி. இதயத்தைச் சுற்றி நீர் தேங்கியோ, நெஞ்சுக்குள் காற்று அடைபட்டோ ஓட்டம் தடைபட்டால், ஓர் ஊசி அந்தத் தடையை நிமிடங்களில் நீக்கிவிடும். செப்சிஸிலும் கடும் ஒவ்வாமையிலும் இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. செப்சிஸில் தொடக்கத்தில் கைகள் கதகதப்பாகவே இருப்பது பலரை ஏமாற்றுகிறது. ஒவ்வாமைக்குத் தொடைத் தசையில் அட்ரினலின். செப்சிஸுக்கு 1 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக், திரவம், அவையும் போதாவிட்டால் குழாய்களை இறுக்கும் நாரட்ரினலின்.

திரவம் எப்போதும் நன்மையே செய்யும் என்ற நம்பிக்கையை 2011-இல் வெளியான ஓர் ஆய்வு உலுக்கியது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடும் காய்ச்சலும் இரத்த ஓட்டக் குறைவும் கொண்ட 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளில், வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களே 48 மணி நேரத்துக்குள் அதிகம் இறந்தனர்: ஏறத்தாழ 10.5 விழுக்காடு, ஏற்றப்படாதவர்களில் 7.3.

நமக்குப் பழக்கமான டெங்குவில் திரவத்தின் இந்த இருமுகமும் ஒரே நோயாளியிடம் தெரியும். காய்ச்சல் விடும் நாளில்தான் பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதி, குழாய்களிலிருந்து கசிகிறது. அப்போது அழுத்தம் 100/80 என்று இருந்தால், 100 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. இரு எண்களுக்கும் இடையிலான இடைவெளி 20-ஆகச் சுருங்கியதே ஷாக்கின் அறிகுறி. அந்த நேரத்தில் திரவம் உயிர்காக்கும். ஓரிரு நாளில் கசிந்த பிளாஸ்மா தானாகக் குழாய்களுக்குத் திரும்பத் தொடங்கும்போது அதே திரவம் மூச்சை அடைக்கும். எனவேதான் நோயாளி தெளியத் தொடங்கியதும், உறவினர்கள் கேட்டுக்கொண்டாலும், மருத்துவர் டிரிப்ஸை நிறுத்திவிடுகிறார்.